மேலே பெயர், கீழே பட்டன்

அவருடைய பெயரை இதில் எங்கேயும் எழுதப்போவதில்லை. பயமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. அந்த மனிதருக்குத் தன் பெயரைவிடப் பிடித்த பொருள் உலகத்தில் வேறு கிடையாது. அவரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதி, ஓர் இடத்தில்கூட அந்தப் பெயரைப் போடாமல் விடுவதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை. எங்கேயாவது படித்தால் வயிறு எரியும். எரியட்டும்.

நாங்கள் அவரை 'சார்' என்போம். மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே தறி ஓடினால் மேலே மேஜை நடுங்கும். ஏழு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு ஏ.சி.; அது சாருடைய அறையில். இரண்டாயிரம் பிறந்த புதிது. கிராமங்களில் வைப்பதற்காகத் தொடுதிரைப் பெட்டி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆள் உயரப் பெட்டி, நடுவில் ஒரு திரை. விரலால் தொட்டால் காய்கறி விலை, பஸ் நேரம், முதியோர் பென்ஷனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் தமிழில் வரும். அந்த வேலையை எங்களுக்குக் கொடுத்தது பெங்களூர் நிறுவனம் ஒன்று.

செந்தில் என்ற பையன் திரைகளை வரைவான். நான் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஜனங்கள் அதை எப்படித் தொடுகிறார்கள், எங்கே முழிக்கிறார்கள், என்ன முணுமுணுக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வருவேன். இன்றைக்கு இதை யூசர் ரிசர்ச் என்கிறார்கள். தனியாகப் படிப்பே இருக்கிறது. அன்றைக்கு என் வேலை உத்தரவில் 'டெஸ்டிங்' என்றுதான் இருந்தது. அடுத்தவர்கள் பட்டன் அமுக்குவதை வேடிக்கை பார்ப்பதற்கா சம்பளம் என்று அம்மா எங்கள் பாஷையில் கேட்டாள். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். அதனாலோ என்னவோ, தமிழில் எந்த வார்த்தையைக் கேட்டாலும் அதை ஒருமுறை கையில் வாங்கி எடை பார்க்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே எனக்கு உண்டு.

சாருடைய மேஜையில் இருந்த ஒவ்வொரு சாமானிலும் அவர் பெயர் இருக்கும். ஸ்டேப்ளரில், பஞ்ச் பண்ணும் மிஷினில், கால்குலேட்டரின் முதுகில், ஹெல்மெட்டின் உள்பக்கத்தில். வெள்ளைத் தாள் கட்டுக்கூட அவர் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினால் மேலுறையில் பெயரோடு திரும்பும். இனிஷியலை மட்டும் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். "வெறும் பேரு இருந்தாத்தாம்மா ஒரு லுக்கு. இனிஷியல் போட்டா தாலுகா ஆபீஸ் கிளார்க்கு மாதிரி இருக்கும்" என்பார். காபி குடிக்கும் எவர்சில்வர் தம்ளர் ஒன்றில்தான் இனிஷியலோடு இருந்தது. புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய பழைய தம்ளர். வெட்டினதை அழிக்க முடியாதே.

இதையெல்லாம் பார்த்து நாங்கள் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருநாள் செந்தில் தன் நெற்றியில் சின்னச் சீட்டு ஒட்டி, அதில் சாருடைய பெயரை எழுதிக்கொண்டு உலாத்தினான். "அக்கா, நாளைக்குத் தொலைஞ்சு போனா சார்ட்டக் கொண்டாந்து குடுத்துருவாங்கல்ல" என்றான். எங்கள் மேலும் அந்தச் சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது என்று எங்களுக்கு உறைக்கக் கொஞ்சம் நாளானது.

நான் எழுதித் தரும் எந்த அறிக்கையையும் அவர் படித்துப் பார்த்ததில்லை. முதல் பக்கத்தைத் திருப்புவார். தன் பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா, மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பார். "வெரி குட்" என்பார். அறிக்கை உள்ளே போய்விடும். அந்த அறிக்கை பெங்களூருக்குப் போகும்போது 'தயாரிப்பு' என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கும். கடைசிப் பக்கத்தில், "களப்பணியில் உதவிய அலுவலக ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. அந்த ஊழியர்கள் நானும் வேன் டிரைவரும்.

களத்துக்கு அவர் வந்த இரண்டு மூன்று தடவையும் எனக்குப் பெரும்பாடு. ஜனங்களைத் தானாகத் தொடவிட்டு, வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் என் வேலையே. சாருக்கு வாய் நிற்காது. அவனியாபுரத்தில் ஒரு ஆட்டோக்காரர் திரையின் முன்னால் யோசித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து, "அதை இல்லண்ணே, பச்சை பட்டனை அமுக்குங்க. ஆங், அதான். இப்ப கீழே" என்று இவரே எல்லாவற்றையும் முடித்துவைத்தார். பிறகு என் நோட்டை வாங்கி, "எளிதில் புரிந்துகொண்டார்" என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். அந்த ஆட்டோக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்த்தா, பெட்டியோட அந்த சாரும் கூட வருவாரா?" என்று கேட்டார்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா வீட்டில் வழுக்கி விழுந்த அன்று, சார்தான் தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பில் கட்டுப் போட்டு முடிகிறவரை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் செய்ததை மறைப்பது அவர் வேலை, என் வேலை இல்லை. அதனால் எழுதிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வருடம், ஆபீசுக்கு வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவுக அப்பாவ நான்தான் காப்பாத்துனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இந்தக் கதைக்கே காரணமான ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில். பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையாக வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு விவசாயி கத்தரிக்காய் விலையை அழகாகத் தேடி எடுத்தார். கடைசித் திரை வந்தது. அதில் இரண்டு பட்டன். ஒன்று 'மீண்டும் தேடு'. இன்னொன்று 'வெளியேறு'. ஆங்கிலத்தில் இருந்ததை அகராதி பார்த்துத் தமிழாக்கிப் போட்டிருந்தோம். எங்கள் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். முகம் சிறுத்துப் போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பால் கேனைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "ஏங்கய்யா பாதியில போறீக?"

"அதான் வெளிய போகச் சொல்லிருச்சுல்ல தாயி. பெறகு என்ன அங்கன நின்னுக்கிட்டு?"

அன்று மட்டும் நான்கு பேர் அப்படிப் போனார்கள். ஒரு பெண் போகவில்லை, சண்டைக்கு நின்றாள். "எங்க சொசைட்டியில வந்து நின்னுக்கிட்டு என்னையவே வெளியேறுங்குதா? நீ போடி வெளிய!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கூட்டம் சிரித்தது. நான் அவள் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதினேன்.

திரும்பி வரும்போது வேனில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியை விட்டுப் போகிறவர் என்ன சொல்லுவார்? எங்கள் ஊரில் யாரும் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். அது அபசகுனம். 'போயிட்டு வாரேன்' என்பார்கள். அவசரமென்றால் வெறும் 'வாரேன்'. அப்படியென்றால் பட்டனில் அதையே எழுதினால் என்ன? மறுநாள் செந்திலிடம் சொன்னேன். அவன் முழித்தான்.

"பட்டன் எப்படிக்கா 'போய் வருகிறேன்'னு சொல்லும்? அது எங்க போகப்போகுது?"

"பட்டன் சொல்லலடா. அமுக்குறவுக சொல்றாக. அவுக வாயில வர்ற வார்த்தைய அவுக விரலுக்குக் குடுக்குறோம். இப்ப இருக்குறது பெட்டி அவுகளை விரட்டுற வார்த்தை."

செந்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தான்.

சார் முன்னால் அதைக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "உங்க வீட்டுல தமிழே பேச மாட்டீக. நீ வந்து தமிழ்ல தப்புக் கண்டுபிடிக்கிறியாக்கும்?" என்றார். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் அவருக்காகச் சிரித்தார்கள். ஆனாலும் பெட்டியை மறுபடி அதே சொசைட்டிக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை யாரும் பாதியில் போகவில்லை. அன்றைக்குச் சண்டை போட்ட அதே பெண் 'போய் வருகிறேன்' பட்டனை அமுக்கிவிட்டுத் திரையைப் பார்த்து, "வாரேன்ப்பா" என்று சொல்லிக் கையாட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்தப் பட்டனைத்தான் சொல்லுவேன்.

முப்பது பக்க அறிக்கை எழுதினேன். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது உட்பட எல்லாம். சார் முதல் பக்கத்தைப் பார்த்தார், "வெரி குட்" என்றார். வழக்கம்போலத்தான். ஆனால் இந்தத் தடவை அறிக்கை பெங்களூரில் ஓடு ஓடென்று ஓடியது. அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். 'ஒரே ஒரு வார்த்தை' என்ற தலைப்பில் அவர் ஊர் ஊராகப் பேசினார். பேப்பரில் போட்டோவோடு வந்தது. பால் சொசைட்டியில் ஒரு விவசாயி எழுந்து போனாராம், இவர் பின்னாலேயே ஓடினாராம். அந்தச் சொசைட்டியின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை.

நான் போய்க் கேட்டேன். பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"இது டீம் ஒர்க்கும்மா" என்றார், தம்ளரைக் கீழே வைக்காமல். "வேலை நடந்துச்சா? ஜனங்களுக்கு நல்லதா? பேரு யாரோடதா இருந்தா என்ன?"

அந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரிலேயே வேறொரு கம்பெனியில் எனக்கு நேர்முகத் தேர்வு. மதுரையில் அந்தப் படிப்பும் இல்லை, அந்த வேலைக்குப் பெயரும் இல்லை. அங்கே இரண்டும் இருந்தன. நீங்கள் செய்த வேலை ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே வேலை அதுதான். என் கையெழுத்தில் இருந்த களக் குறிப்பிலிருந்து சுத்தமாகத் தட்டச்சு செய்து, என் பெயர் போட்டுக் கொண்டுபோனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் இரண்டு பக்கம் புரட்டியதுமே நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், இதைச் செய்தவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும், போன மாதம் இதே கட்டடத்தில் பேசிவிட்டுப் போனார் என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு ஆங்கிலம் தடுக்கியது. அவர் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். அடுத்தவர் வேலையைக் காட்டி வேலை கேட்காதீர்கள், சின்ன வயது, இப்போதே இந்தப் பழக்கம் வேண்டாம் என்று மெதுவாக, அன்பாகவே சொன்னார்.

என் வேலையை நானே திருடியதாக ஆகிவிட்டது. பஸ்ஸில் சேலம் வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். சேலத்துக்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. டீ குடித்தேன். மதுரை வந்து சேருவதற்குள் என்ன செய்யவேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

அவரை வீழ்த்த நான் பொய் எதுவும் சொல்லவேண்டியதில்லை. ஒரு வார்த்தையைத் திரும்ப வைத்தால் போதும்.

பெட்டியைப் பெரிய அளவில் தொடங்கிவைக்கும் விழா காளவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில் என்று முடிவாகியிருந்தது. பெங்களூரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். அவர் சொன்னதை நேரில் பார்க்க. விழாவுக்கான திரைகளில் அவர் ஒரு திருத்தம் சொன்னார். ஒவ்வொரு திரையின் உச்சியிலும் 'வடிவமைப்பு' என்று சின்ன எழுத்தில், அதற்குப் பக்கத்தில் தன் பெயர் பெரிய எழுத்தில். செந்தில் போட்டுக்கொடுத்தான். அவன் அன்றைக்கு மதியம் சாப்பிடப் போயிருந்தபோது நான் அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கடைசித் திரையில் 'போய் வருகிறேன்' என்பதை எடுத்துவிட்டு 'வெளியேறு' என்று அடித்தேன். ஒன்பது திரைகளையும் தாளில் அச்செடுத்துச் சாரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிக்குள் ஏறும். அது அவரே போட்ட சட்டம்.

நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இது சத்தியம். "சார், எல்லாப் பக்கத்தையும் ஒருதடவை வாசிச்சிருங்க" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்.

"பேரு சரியா இருக்குல்ல? போன தடவ அந்த ஃபாண்டுல கொம்பு தனியா, எழுத்துத் தனியாப் போயிருச்சு."

"பேரு சரியா இருக்கு சார்."

ஒன்பது தாளிலும் உச்சியை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது தாளில் அவர் பேனா 'வெளியேறு'வுக்கு அரை விரற்கடை தள்ளி நின்றது. எந்த வார்த்தையைப் பற்றி ஊர் ஊராகப் பேசினாரோ அந்த வார்த்தை. "வெரி குட்" என்றார்.

விழாவில் சிறப்பு விருந்தினர் யாராவது வந்து தொடுவார்கள், பெங்களூர்க்காரர்கள் முன்னால் இவர் மூக்கறுபடுவார் என்பதுதான் என் கணக்கு. மைக்கைப் பிடித்த சார் திடீரென்று, "இந்தப் பெட்டிய மொதல்ல தொடப்போறது பெரிய மனுசங்க யாரும் இல்ல. ஒரு விவசாயி. பள்ளிக்கூடம் போகாதவர். எங்கப்பா!" என்றார். கைதட்டல். முதல் வரிசை ஓரத்திலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் எழுந்தார்.

அந்தப் பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வருடம் ஒருநாள் தூக்குவாளியோடு மாடிப்படி ஏறி ஆபீசுக்கு வந்தவர். அன்றைக்குச் சாரோடு வெளியூர் விருந்தாளி யாரோ இருந்தார். "ஊர்ல இருந்து வந்திருக்காக" என்று மட்டும் சொல்லி, சார் அவரை வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். அப்பா என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தது நான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே பணியாரம் இருந்தது.

ஓடிப்போய்ப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டு எட்டு தூரத்தில்தான் நின்றேன். நான் நகரவில்லை. சேலம் வரைக்கும் அழுத அழுகை என் காலைப் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் நன்றாகவே தொட்டார். தக்காளி விலையை எடுத்தார், பருத்தி விலையை எடுத்தார். ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். சார் அவர் வாய்க்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசித் திரை வந்தது. பெரியவர் மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்து, மைக்கில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். "வெ... ளி... யே... று."

மகனை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். "சரிப்பா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து வெளியே போனார். விழா ஏற்பாட்டில் அதுவும் ஒன்று என்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பெங்களூர்க்காரர்கள் தட்டவில்லை. அவர்களுக்கு அந்த வார்த்தையைத் தெரியும். சார்தானே சொல்லிக்கொடுத்தது.

அன்று மாலையே ஆபீசில் அவர் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. ஒன்பது தாளும் மேஜைமேல் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. பெங்களூர் நிறுவனம் அடுத்த கட்ட வேலையை வேறு யாருக்கோ கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயிருந்தது.

"நீதானே?" என்றார்.

"பேரு யாரோடதா இருந்தா என்ன சார்?" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. இது என் வேலை இல்லை என்று அந்த மனிதர் தன் ஆயுசில் எதையும் சொல்லிப் பழகியதில்லை. அன்றைக்கும் வரவில்லை. மறுநாள் நான் ராஜினாமா கொடுத்தேன். அந்த மாலையை நினைத்தால் இப்போதும் எனக்கு இனிக்கிறது. மறைக்கமாட்டேன்.

ஆனால் மண்டபத்துக்கும் அந்த மாலைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. செந்திலிடம்கூடச் சொன்னதில்லை.

பெரியவர் வெளியே போனதும் நானும் பின்னாலேயே போனேன். பழக்க தோஷம்; எழுந்து போகிறவர் பின்னால் ஓடுவதுதானே என் தொழில். பஸ் நிறுத்தத்தில் உசிலம்பட்டிப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். கையில் அதே தூக்குவாளி. கொண்டுவந்ததைக் கொடுக்காமலே திரும்பியிருந்தார்.

"ஐயா, அது சும்மா கம்ப்யூட்டர்ல இருக்குற வார்த்தை. உங்களச் சொல்லல" என்றேன்.

"நீ தண்ணி குடுத்த புள்ளைல்ல?" என்றார். சிரித்தார். "எனக்கு ஒழுங்காப் படிக்கத் தெரியாது தாயி. அவன் பேர வச்சுத்தான் எழுத்தே பழகுனேன். காலேசுக்குப் போகையில தம்ளரு வாங்கிப் பேரு வெட்டிக் குடுத்தேன், ஆஸ்டல்ல தொலைஞ்சிரக் கூடாதுன்னு. வெட்டுறவன்கிட்ட மொத எழுத்து எம் பேரு எழுத்து, அத மறந்துராதன்னு சொல்லி, கிட்ட நின்னு பாத்து வாங்குனேன்."

தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டார்.

"இன்னைக்கு அந்தப் பெட்டியில மேல எம் மகன் பேரு இருந்துச்சு. நல்லாப் பெருசா. மொத எழுத்தத் தேடிப் பாத்தேன், எம் பேரு எழுத்தக் காணோம். கீழ வெளியேறுன்னு இருந்துச்சு. இதை வேற எப்படித் தாயி படிக்கிறது?"

இனிஷியலை எடுத்தது நான் இல்லை. இதைப் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கீழே இருந்த வார்த்தை என்னுடையது. 'ஐயா, அதை எழுதினது உங்க மகன் இல்லை, நான்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர் திரும்பி மண்டபத்துக்குப் போயிருப்பார். மகன் கையில் தூக்குவாளியைக் கொடுத்திருப்பார். எனக்கு அது பொறுக்கவில்லை.

பஸ் வந்தது. பெரியவர் கம்பியைப் பிடித்து ஏறினார். மகனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தவர், படியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"வாரேன் தாயி" என்றார்.

அதன் பிறகு ஆனையூரில் இருந்த மகன் வீட்டுக்கு அவர் வரவே இல்லை என்று செந்தில் எப்போதோ சொன்னான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட வேலைகள் எல்லாம் நான் கொடுக்காமல் எடுத்துக்கொண்டவை. இந்த 'வெளியேறு' ஒன்றை மட்டும் நானாகவே அவர் பெயரில் விட்டுவைத்திருக்கிறேன். இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை.